சிறு தொழிலுக்கு இலவச ஆலோசனை: எங்கே கிடைக்கும், எப்போது கேட்க வேண்டும்?

இந்தியாவில் விவசாயம் சாராத குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் சுமார் 6.34 கோடி என்கிறது தேசிய மாதிரி ஆய்வின் 73வது சுற்று (2015-16). அதில் 6.30 கோடி குறு நிறுவனங்கள். அதே ஆய்வில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. நூற்றுக்கு சுமார் 84 நிறுவனங்களில் சம்பளத்துக்கு வைத்த நிரந்தர ஆள் ஒருவர்கூட கிடையாது.

பில் போடுவது, ஜிஎஸ்டி தாக்கல், பாக்கி வசூல், வங்கி மேலாளரிடம் பேசுவது என எல்லாவற்றையும் அங்கே ஒரே ஆள், அல்லது ஒரே குடும்பம் பார்க்கிறது. பெரிய கம்பெனிக்குச் சட்டப் பிரிவு இருக்கும். இவர்களுக்கு இருப்பது வருஷத்துக்கு ஓரிரு முறை சந்திக்கும் ஆடிட்டரும், "எனக்குத் தெரிஞ்சவர் ஒருத்தர் இருக்கார்" என்று சொல்லும் நண்பரும்தான்.

சிறு தொழில்களுக்கு வழிகாட்டுவதற்கென்றே மத்திய அரசு 1954-ல் ஓர் அமைப்பைத் தொடங்கியது. மாவட்டம்தோறும் அலுவலகங்களும் வந்துவிட்டன. ஆனால் எந்தக் கேள்விக்கு எங்கே போவது என்பது பலருக்கும் தெரிவதில்லை. தெரியவரும்போது பெரும்பாலும் தாமதமாகிவிடுகிறது. நீங்கள் ஃப்ரீலான்ஸ் டிசைனராக இருக்கலாம், வேலையை விட்டுத் தொழில் தொடங்க யோசிப்பவராக இருக்கலாம், ஊரில் அப்பாவின் பட்டறைக் கணக்கைப் பார்ப்பவராகவும் இருக்கலாம். தெரிந்துகொள்ள வேண்டியவை இங்கே.

முதலில், நான் 'சிறு தொழில்' கணக்கில் வருவேனா?

பெரும்பாலும் ஆம். 2025 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ள வரையறைப்படி, இயந்திரங்களில் முதலீடு 2.5 கோடி ரூபாய்க்குள்ளும் ஆண்டு விற்றுமுதல் 10 கோடிக்குள்ளும் இருந்தால் குறு நிறுவனம். 25 கோடி முதலீடு, 100 கோடி விற்றுமுதல் வரை சிறு நிறுவனம். உற்பத்தி மட்டுமல்ல, சேவைத் தொழில்களும் இதில் அடங்கும். தனி ஆளாக மென்பொருள் எழுதிக் கொடுப்பவரும் பதிவு செய்யலாம்.

இதற்கான 'உத்யம்' பதிவு 2020 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. அரசுத் தளத்தில் ஆதார், பான் எண்களைக் கொடுத்து நாமே முடித்துவிடலாம். ஆவணம் எதுவும் பதிவேற்ற வேண்டாம், கட்டணமும் இல்லை. அரசுத் தளம் போலவே தோற்றமளிக்கும் தனியார் தளங்கள் இதற்கு ஆயிரம், இரண்டாயிரம் என்று வாங்கினால், அது அவர்களின் சேவைக் கட்டணம், அரசுக் கட்டணம் அல்ல. பான், ஜிஎஸ்டி இல்லாத முறைசாராக் குறுந்தொழில்களுக்கு 2023 ஜனவரியில் 'உத்யம் அசிஸ்ட்' என்ற தனி வழி வந்தது.

தொடங்கும் முன் யாரிடம் பேசலாம்?

மாவட்டத் தொழில் மையம்: 1978-ல் தொடங்கிய திட்டம். எந்த உரிமம் தேவை, எந்த மானியம் பொருந்தும், திட்ட அறிக்கை எப்படித் தயாரிப்பது போன்ற கேள்விகளுக்கு முதல் இடம் இதுதான். உற்பத்திக்கு 50 லட்சம், சேவைக்கு 20 லட்சம் ரூபாய் வரையிலான திட்டங்களுக்கு மானியம் தரும் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்துக்கும் இங்கே விண்ணப்பிக்கலாம். அந்தத் திட்டத்துக்கு இடைத்தரகர் யாரையும் நியமிக்கவில்லை என்று அதன் இணையதளமே எச்சரிக்கிறது. "நான் முடிச்சுக் கொடுக்கிறேன்" என்று யாராவது வந்தால் இதை நினைவில் வையுங்கள்.

எம்எஸ்எம்இ மேம்பாடு மற்றும் வசதி அலுவலகம்: மத்திய அரசின் கிளை. சென்னையில் கிண்டியில் இருக்கிறது. தொழில்நுட்பம், ஏற்றுமதி, அரசுக் கொள்முதல் பற்றிய கேள்விகளுக்கு இங்கே போகலாம்.

ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனம்: கர்நாடகத்தின் உஜிரேயில் 1982-ல் தொடங்கிய ஒரு முயற்சியை மாதிரியாக வைத்து, வங்கிகள் நாடு முழுக்க நடத்தும் மையங்கள் இவை. தங்குமிடம், சாப்பாடு, பயிற்சி எல்லாம் இலவசம். பயிற்சி முடிந்து இரண்டு ஆண்டுகள் வரை வங்கிக் கடன் பெறவும் தொழிலை நிலைநிறுத்தவும் தொடர்ந்து உதவ வேண்டும் என்பது விதி.

பாரதிய யுவ சக்தி அறக்கட்டளை: 1992-ல் லட்சுமி வெங்கடேசன் தொடங்கியது. அனுபவமுள்ளவர்கள் தன்னார்வமாக இளம் தொழில்முனைவோருக்கு வழிகாட்டும் முறை இங்கே உண்டு. அலுவலகத்தில் விதி என்ன என்று சொல்வார்கள். ஆனால் "இந்த விலைக்கு வித்தால் கட்டுப்படியாகுமா?" என்ற கேள்விக்கு இப்படித் தொழில் நடத்திப் பார்த்தவர்தான் பதில் சொல்ல முடியும்.

வங்கியில் சொத்து அடமானம் கேட்டால்?

குறு, சிறு நிறுவனங்களுக்கு 10 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்குப் பிணைச் சொத்து கேட்கக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2010-லேயே உத்தரவிட்டது. அதற்கு மேலான தொகைக்கு, 2000-ல் உருவான கடன் உத்தரவாத நிதியத்தின் கீழ் பிணையில்லாமல் கேட்கலாம். இதன் உச்சவரம்பு 2025 ஏப்ரல் முதல் 10 கோடி ரூபாய்.

இங்கே ஒரு தவறான புரிதல் பரவலாக உண்டு. உத்தரவாதம் வங்கிக்குத்தான், நமக்கு அல்ல. நாம் கட்டாவிட்டால் கடன் தள்ளுபடி ஆகாது. இந்த உத்தரவாதத்துக்கு ஆண்டுக் கட்டணமும் உண்டு.

விண்ணப்பத்தை நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளில் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தி தராவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை. விவரம் கேட்க 14448 என்ற எண்ணை அழைக்கலாம்.

வேலை முடித்துக் கொடுத்தாச்சு, பணம் வரவில்லை. என்ன செய்வது?

எம்எஸ்எம்இ மேம்பாட்டுச் சட்டம் (2006) இதில் தெளிவாக இருக்கிறது. எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் தர வேண்டும். ஒப்பந்தத்தில் 90 நாள் என்று எழுதியிருந்தாலும் 45-ஐத் தாண்ட முடியாது. தாண்டினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் 'பேங்க் ரேட்' விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். பேங்க் ரேட் 6% என்று வைத்துக்கொண்டால் வட்டி 18%. 5 லட்சம் ரூபாய் பாக்கி கெடு தாண்டி ஓர் ஆண்டு நின்றால், வட்டி மட்டும் சுமார் 97,800 ரூபாய்.

புகார் கொடுக்க 'சமாதான்' தளம் 2017-லிருந்து இருக்கிறது. புகார் மாநில வசதிக் குழுவுக்குப் போகும். முதலில் சமரசம், அது முடியாவிட்டால் நடுவர் தீர்ப்பு. 90 நாளில் முடிக்க வேண்டும் என்கிறது சட்டம், நடைமுறையில் அதைத் தாண்டுவது சகஜம். ஆனாலும் தீர்ப்பை எதிர்த்து வாங்குபவர் நீதிமன்றம் போக வேண்டுமானால், தொகையில் 75% முன்பணமாகக் கட்டியாக வேண்டும்.

"புகார் கொடுத்தா அடுத்த ஆர்டர் போயிடுமே" என்ற பயம் நியாயமானது. அதற்கு முன்பே பேசிப் பார்க்க ஒரு வழி, 2024 ஏப்ரல் முதல் அமலான வருமான வரி விதி. மேலே சொன்ன கெடுவுக்குள் குறு, சிறு நிறுவனத்துக்குப் பணம் தராத வாங்குபவர், அந்தச் செலவைப் பணம் தரும் ஆண்டில்தான் வரிக் கணக்கில் கழிக்க முடியும். எனவே பில்லில் உத்யம் எண்ணை அச்சிடுங்கள். மார்ச் மாதத்துக்கு முன் அவர்களின் கணக்குப் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள்.

யாருக்கெல்லாம் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது?

இதைத் தெரிந்துகொள்ளாமல் ஏமாறுபவர்கள் அதிகம். நடுத்தர நிறுவனங்களுக்கு இந்தப் பிரிவு பொருந்தாது. வாங்கி விற்கும் வியாபாரிகள் 2021 ஜூலையிலிருந்து உத்யம் பதிவு பெறலாம், ஆனால் முன்னுரிமைக் கடன் பெறுவதற்கு மட்டும். 45 நாள் பாதுகாப்பு அவர்களுக்கு இல்லை.

எப்போது பதிவு செய்தோம் என்பதும் முக்கியம். பொருள் கொடுத்து, தகராறு வந்தபின் பதிவு செய்துவிட்டுப் பழைய பாக்கிக்குச் சட்டத்தின் பலனைக் கேட்க முடியாது என்று 2022 அக்டோபரில் மகாகாளி ஃபுட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் இன்னொரு வழக்கில், முன்பதிவு கட்டாயமா என்ற கேள்வியை மூன்று நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பியது. அந்த வாதத்தில் நீங்கள் சிக்க வேண்டாம் என்றால், முதல் ஆர்டருக்கு முன்பே பதிவை முடித்துவிடுங்கள்.

தவணை கட்ட முடியாத நிலை வந்தால்?

தொழிலில் நெருக்கடி வரும்போது பலர் வங்கி அழைப்பை எடுப்பதையே நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் 25 கோடி ரூபாய் வரை கடன் உள்ள எம்எஸ்எம்இ-களுக்கு மறுசீரமைப்பு வழிமுறை ஒன்றை ரிசர்வ் வங்கி 2016 மார்ச்சில் கொண்டுவந்தது. தவணை தவறும் முன்பேகூட, "சிக்கல் வரப்போகிறது" என்று தெரிந்தால் நாமே வங்கிக்கு விண்ணப்பிக்கலாம். தவணைக் காலத்தை நீட்டுவது, கூடுதல் நடைமுறை மூலதனம் தருவது போன்றவற்றை வங்கி பரிசீலிக்க வேண்டும்.

90 நாள் பாக்கி நின்றால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும். இந்த வழிமுறை வங்கிகளைக் கட்டுப்படுத்தும் என்று 2024 ஆகஸ்டில் ப்ரோ நிட்ஸ் வழக்கில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், வாராக்கடன் ஆகும் முன்பே நிறுவனமும் விழிப்புடன் ஆவணங்களோடு கோர வேண்டும் என்றும் சொன்னது.

வழக்கு வந்துவிட்டால் இலவச சட்ட உதவிக்கு 15100. பெண்களுக்கும் பட்டியலின, பழங்குடியின மக்களுக்கும் வருமான வரம்பு இல்லாமல் இந்த உரிமை உண்டு. சொந்தத் தொழில் நடத்தும் பெண்களில் பலருக்கு இது தெரியாது.

போகும்போது என்ன கொண்டுபோக வேண்டும்?

உத்யம் சான்று, கடைசி 12 மாத வங்கி அறிக்கை, ஜிஎஸ்டி இருந்தால் அதன் தாக்கல்கள், யார் எவ்வளவு பாக்கி என்ற தேதிவாரிப் பட்டியல். கூடவே ஒரே ஒரு கேள்வி, எழுத்தில். "பிசினஸ் சரியா போகல" என்று போனால் பொதுவான அறிவுரைதான் கிடைக்கும். "70 நாளாக 3 லட்சம் பாக்கி, எழுத்து ஒப்பந்தம் இல்லை, என்ன செய்யலாம்?" என்று கேட்டால் அதற்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். சொன்னவரின் பெயர், பதவி, தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இந்த இலவச ஆலோசனைக்கு எல்லைகளும் உண்டு. உங்கள் கணக்கை யாரும் எழுதித் தர மாட்டார்கள், நீதிமன்றத்தில் வக்கீலின் வேலையை மாவட்ட அலுவலர் செய்ய மாட்டார். ஒரு முறை போனால் வேலை முடியும் என்ற உறுதியும் இல்லை. ஆனால் பதிவு முதல் பில்லுக்கு முன்பு, கடன் மறுசீரமைப்பு 90வது நாளுக்கு முன்பு என்ற இரண்டு தேதிகளை மட்டும் தவறவிடாதீர்கள். இரண்டுக்கும் செலவு கிடையாது.