துரைமாரின் மதிலும் நடேசய்யரின் எழுத்தும்

அரசியற் களத்தில் எதிரணியை வெல்வதற்கு நாவன்மை மட்டும் போதாது. தம் கருத்து எவரைச் சென்றடைதல் வேண்டும், எவ்வழியாற் சென்றடையும் என்பதையும் தலைவர் முன்கூட்டியே வகுத்தறிதல் வேண்டும். மலையக வரலாற்றில் இதனை நன்குணர்ந்து செயற்பட்டவர் கோ. நடேசய்யர்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக இராகலை வரை உடப்புசல்லாவை இருப்புப்பாதை அமைந்தது. தேயிலை வெளியேற வழி பிறந்தது; வெளியுலகச் செய்தி உட்புக வழி பிறக்கவில்லை. தோட்டம் துரையின் ஆட்சிக்குட்பட்ட தனி நிலம்; அனுமதியின்றி நுழைவோர் அத்துமீறியோராகவே கருதப்பட்டனர். லயங்களில் வாழ்ந்தோருட் பெரும்பாலோர் எழுத்தறிவு பெறும் வாய்ப்பற்றோர். துரைமாரின் பலம் இம்மௌனத்திலேயே தங்கியிருந்தது.

இம்மதிலைத் தகர்க்க நடேசய்யர் ஒரே கருவியை நம்பவில்லை. தஞ்சையிலிருந்து வந்த அவர், புடைவை வணிகர் வேடத்தில் தோட்டங்களுட் புகுந்து உண்மை நிலையைக் கண்டறிந்தார். 1921இல் 'தேசநேசன்', 1924இல் 'தேசபக்தன்' ஆகிய இதழ்களின் வாயிலாகத் தமிழ் வாசகருடன் பேசினார். ஆட்சியாளரின் செவிக்கு எட்டும்பொருட்டு ஆங்கில இதழ்களும் நடத்தினார். படிக்க இயலாதோர்க்குப் பாடல் துணையாயிற்று. கூட்டங்களில் அவர்தம் துணைவியார் மீனாட்சியம்மாள் பாடிய பாடல்கள் தொழிலாளரை ஈர்த்தன. முன்னர் உடனுழைத்த ஏ. ஈ. குணசிங்க இந்தியத் தொழிலாளருக்கு எதிரான பிரசாரத்தில் இறங்கவே, போராட்டம் இருமுனைப்பட்டது. எழுத்தும் பாட்டும் அப்பிரசாரத்துக்கும் விடையிறுக்க வேண்டியனவாயின.

1931இல் அட்டனை மையமாகக் கொண்டு அவர் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவினார்; 1936இல் அட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். இதழ் தொடங்கிய வேலையைச் சங்கம் தொடர்ந்தது எனலாம். ஆயின் 1939இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் தோன்றி, அதன் தொழிற்சங்கம் தோட்டங்களில் வேரூன்றவே, அவருடைய சம்மேளனம் செல்வாக்கிழந்தது. தனியொருவரின் பேனாவையே பெரிதும் சார்ந்திருந்த அமைப்பின் நலிவு இதனாற் புலனாகின்றது.

1947இல் நடேசய்யர் மறைந்தார். அடுத்த ஆண்டே குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழருட் பெரும்பாலோரை நாடற்றோராக்கிற்று. அதன் தொடர்ச்சியாக வாக்குரிமையும் பறிபோயிற்று. ஒரு மக்களின் குரலை எழுப்புதல் அரிது. எழுப்பிய குரலைச் சட்டத்தாலும் அமைப்பாலும் காத்தல் அதனினும் அரிது. மலையகத்தின் இதழியல் வரலாறு நமக்கு உணர்த்துவது இதுவேயாம்.