தோலின் விலை: திண்டுக்கல் பதனிடும் தொழிலின் கதை

திண்டுக்கல் என்றதும் பூட்டும், பிரியாணியும், சுருட்டும், 1605ஆம் ஆண்டில் முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர் எழுப்பத் தொடங்கிய மலைக்கோட்டையும் நம் நினைவுக்கு வருகின்றன. இவ்வரிசையில் இடம்பெற வேண்டிய மற்றொன்றைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். அதுதான் தோல். பேகம்பூர்ப் பக்கமாக நடந்து சென்றவர்களுக்கு அதன் வாடை தெரியும். அந்த வாடைக்குப் பின்னால் ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு வரலாறு இருக்கிறது. அவ்வரலாற்றைத் தொழிலின் பக்கமிருந்து மட்டுமன்றி, உடலின் பக்கமிருந்தும் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஒரு சொல்லைப் பற்றி. ஆங்கிலத்தில் 'டேனிங்' என்றால் விலங்கின் தோலைப் பதனிடுதல். வெயிலிலோ விளக்கொளியிலோ மனிதன் தன் தோலைப் பழுப்பாக்கிக் கொள்வதும் அதே சொல்தான். ஓக் மரப்பட்டையைக் குறித்த பழைய சொல்லிலிருந்து இரண்டும் பிறந்தன. பட்டைச் சாறு தோலுக்குத் தந்த பழுப்பு நிறமே பின்னர் மனிதத் தோலின் நிறத்துக்கும் பெயராயிற்று. மேலைநாடுகளில் பணம் கொடுத்துப் புற ஊதா விளக்கின்கீழ்ப் படுத்துத் தோலைக் கறுக்க வைக்கும் நிலையங்கள் 1970களுக்குப் பின் பெருகின. 2009இல் உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அவ்விளக்குகளை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என உறுதியான முதல் தொகுதியில் சேர்த்தது. அதே ஆண்டில் பிரேசில் அவற்றை அழகுத் தேவைக்குப் பயன்படுத்தத் தடை விதித்தது. நம் ஊரில் அத்தகைய நிலையங்களுக்கு என்ன வேலை? கத்தரி வெயிலில் களையெடுப்பவருக்கு அது கூலியோடு இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் 'டேனிங்' என்ற சொல்லின் மூத்த பொருள் திண்டுக்கல்லில் ஆழமாக வேரூன்றியது. அதன் கேடும் அவ்வாறே.

ஆவாரையும் சுண்ணாம்பும்

திண்டுக்கல் சமவெளி மழை குறைந்த நிலம். சிறுமலைக்கும் பழனி மலைத் தொடருக்கும் இடையே கிடக்கும் இப்பரப்பின் நீரைத் திரட்டிக்கொண்டு குடகனாறு வடக்கே ஓடி அமராவதியில் கலக்கிறது. இம்மண்ணில் ஆவாரை தானாக வளரும். ஆவாரம் பட்டையில் தோலைக் கெடாமல் இறுக்கும் துவர்ப்புப் பொருள் மிகுதி. ஆவாரம் பட்டை, கடுக்காய், எண்ணெய் ஆகியவற்றால் பதனிடப்பட்ட தென்னிந்தியத் தோல் 'கிழக்கிந்தியத் தோல்' என்ற பெயரில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலண்டன் சந்தைக்குப் போயிற்று. இப்பெயருக்கு 2008இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இம்முறையை இயற்கையானது என்று இன்று புகழ்கிறோம். உள்ளே இறங்கி வேலை செய்தவருக்கு அது அவ்வளவு மென்மையாக இருந்ததில்லை. உப்பிட்டு வந்த பச்சைத் தோலை முதலில் ஊறவைத்துக் கழுவ வேண்டும். பின்னர் சுண்ணாம்புக் குழியில் போட்டு மயிரை இளக்க வேண்டும். அடுத்து மயிரையும் சதையையும் கத்தியால் வழித்தெடுத்து, பட்டைக் குழியில் வாரக்கணக்கில் புரட்டிப் புரட்டிப் போட வேண்டும். சுண்ணாம்புக் குழியில் வெறுங்காலுடன் நின்றவரின் விரலிடுக்குகள் வெந்து உரிந்தன. ஆட்டுத்தோலின் மயிரை உரித்த அதே சுண்ணாம்பு மனிதத் தோலை மட்டும் விட்டுவைக்குமா? நோயுற்ற விலங்கின் தோலிலிருந்து தொற்றும் அடைப்பான் நோயும் இத்தொழிலின் பழைய அச்சங்களுள் ஒன்று.

குழிக்குள் இறங்கியவர்கள் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியினர். இவர்களின் வாழ்வைத் தமிழிலக்கியம் முழுமையாகப் பதிவு செய்ய 2010 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. திண்டுக்கல்லில் வழக்கறிஞராகப் பணியாற்றிய டி. செல்வராஜ் அவ்வாண்டில் 'தோல்' நாவலை வெளியிட்டார். 2012இல் அதற்கு சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. தோல் ஷாப் தொழிலாளர் சங்கமாகத் திரண்ட கதை அது. அச்சங்கத்தைக் கட்டியவர்களில் ஒருவர் பின்னாளில் மார்க்சிஸ்ட் கட்சியின் மாநிலச் செயலாளராக விளங்கிய ஏ. பாலசுப்பிரமணியம். சுண்ணாம்புக் குழிப் புண்ணுக்கும் அடிமைக் கூலிக்கும் எதிரான போராட்டம் அங்கே ஒன்றாகவே நடந்தது என்பதை அந்நாவலைப் படித்தவர் அறிவர்.

குரோமியம் வந்த வழி

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் சென்னையில் குரோமியப் பதனிடலைச் சோதித்தார். சென்னையை அடுத்த குரோம்பேட்டை தன் பெயரை அங்கு எழுந்த குரோம் தோல் ஆலையிடமிருந்தே பெற்றது. வாரக்கணக்கில் நடந்த வேலையைக் குரோமிய உப்பு ஒரு நாளில் முடித்தது. எனினும் இம்மாற்றம் பரவலானது 1970களில்தான். சீதாராமையா குழுவின் பரிந்துரையை ஒட்டி, பச்சைத் தோலையும் பாதி பதனிட்ட தோலையும் ஏற்றுமதி செய்வதை அரசு கட்டுப்படுத்தியது. முழுமையாக முடித்த தோலையே விற்று அதிக அந்நியச் செலாவணி ஈட்ட வேண்டும் என்பது நோக்கம். நாட்டுக்கு அது வருவாய் தந்தது. கழிவோ ஊரில் தங்கியது.

குரோமியத்தில் இரு நிலைகள் உண்டு. பதனிடப் பயன்படும் மூன்றிணைதிறன் குரோமியம் அத்தனை கொடியதன்று. ஆறிணைதிறன் குரோமியமோ நுரையீரல் புற்றுநோய் உண்டாக்குவது. 1990இல் அதே புற்றுநோய் ஆய்வு அமைப்பு அதை முதல் தொகுதியில் சேர்த்தது. முன்னது சில சூழல்களில் பின்னதாக மாறக்கூடும் என்பதே கவலை. விளக்கடியில் படுப்பதும் குரோமியத்தில் உழல்வதும் இவ்வாறு ஒரே பட்டியலில் வந்து சேர்ந்தன.

திண்டுக்கல் கிணறுகளைக் கெடுத்ததில் குரோமியத்தைவிடச் சாதாரண உப்புக்கே பங்கு அதிகம் எனலாம். பச்சைத் தோல் அழுகாமலிருக்க இடும் உப்பு முழுவதும் கழுவுநீரில் இறங்குகிறது. வழக்கமான சுத்திகரிப்பு குரோமியத்தைப் பிரிக்கும். கரைந்த உப்பைப் பிரிக்காது. ஐதராபாத்திலுள்ள தேசிய புவி இயற்பியல் ஆராய்ச்சி நிலையத்தார் குடகனாற்றின் மேல்வடிநிலத்தை ஆராய்ந்தபோது, தோல் ஷாப்களைச் சூழ்ந்த நிலத்தடி நீரில் சோடியமும் குளோரைடும் மிகுந்திருக்கக் கண்டனர்.

தீர்ப்பு

பாலாற்றுப் பகுதி மக்களுக்காக வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. 1996 ஆகஸ்டு 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. திண்டுக்கல்லும் அத்தீர்ப்பில் இடம்பெறுகிறது. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களின் 13 கிராமங்களில் ஒரு தன்னார்வ அமைப்பு எடுத்த கணக்கை நீதிமன்றம் எடுத்துக்காட்டியது. குடிக்கவும் பாசனத்துக்கும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 கெட்டுப் போயிருந்தன. நான்கில் மூன்று!

திண்டுக்கல் உள்ளிட்ட ஐந்து மாவட்டங்களின் தோல் ஆலைகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் தண்டம் விதிக்கப்பட்டது. சுத்திகரிக்காத ஆலையை மூடுமாறு ஆணை பிறந்தது. இழப்பீட்டை மதிப்பிடத் தனி ஆணையமும், சென்னை உயர் நீதிமன்றத்தில் பசுமை அமர்வும் அமையத் தீர்ப்பு வழி செய்தது. முன்னெச்சரிக்கைக் கொள்கையும், மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற கொள்கையும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று நிலைநாட்டப்பட்டது இத்தீர்ப்பில்தான். இன்று நாடெங்கும் சுற்றுச்சூழல் வழக்குகளில் மேற்கோள் காட்டப்படும் நெறிக்கு நம் ஊர்க் கிணறுகளும் சாட்சியம் அளித்தன.

அதன்பின் எல்லாம் சரியாகிவிட்டதா? 2015 ஜனவரி 31 அன்று இராணிப்பேட்டையில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டி உடைந்து, உறங்கிக் கொண்டிருந்த 10 தொழிலாளர் மாண்டனர். நீரைத் தூய்மையாக்க எழுந்த நிலையமே அவர்களைப் பலி கொண்டது.

இரு 'டேனிங்'களுக்கும் இடையிலான வேறுபாட்டை இங்கே கருதிப் பார்க்கலாம். விளக்கடியில் படுப்பவர் தன் உடலைத் தானே பணயம் வைக்கிறார். வேண்டாமென்றால் எழுந்து போகலாம். குழியில் இறங்கியவருக்கும் அவ்வூர்க் கிணற்று நீரைக் குடித்தவருக்கும் அந்த விருப்பம் இருந்ததில்லை. பலனடைந்தவர் வேறொருவர். தோல் தொழிலை மூடிவிட வேண்டும் என்பதன்று நம் வாதம். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அதை நம்பி வாழ்ந்திருக்கின்றன. ஒரு செருப்பின் விலையில் ஒரு கிணற்றின் விலையும் ஓர் உழைப்பாளியின் தோலின் விலையும் சேர்க்கப்பட வேண்டும் என்பதே 1996 தீர்ப்பின் சாரம். அக்கணக்கு இன்னும் முழுமையாகத் தீர்க்கப்படவில்லை.