அழுத்தம் அடங்கிய வரலாறு

இலண்டன் மாநகரின் வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தில் 1813ஆம் ஆண்டின் இறுதி நாளன்று எரிவாயு விளக்குகள் ஏற்றப்பெற்றன. மக்கள் கண்டு வியந்தது ஒளியை. பொறியாளரின் கவலையோ அழுத்தத்தைப் பற்றியது. மாலையில் எல்லா விளக்குகளும் ஒருங்கே எரியும்பொழுது குழாயில் வாயுவின் உந்துதல் தளரும். நள்ளிரவில் கடைகள் அடைபட்டு விளக்குகள் நின்றதும் அதே உந்துதல் ஓங்கும். ஓங்கினால் சுடர் சீறும், தளர்ந்தால் அவியும். அவிந்த சுடரே பெரிய தீங்கு. ஏனெனில், உந்துதல் மீண்டதும் எரியாத வாயு அறைக்குள் பரவும்.

சாமுவேல் கிளெக் முதலிய அக்காலப் பொறியாளர் இதற்குக் கண்ட வழி எளியது. கவிழ்த்த மணி போன்றதொரு கலத்தை நீரில் மிதக்கவிட்டு, அதனடியில் வாயுவைச் செலுத்தினர். வாயுவின் அழுத்தம் மிகுந்தால் மணி உயரும். மணியோடு பிணைத்த கூம்பு எழுந்து, வாயு வரும் வாயிலைக் குறுக்கும். அழுத்தம் குறைந்தால் மணி தாழ்ந்து வாயில் அகலும். காவற்காரன் ஒருவன் இரவெல்லாம் விழித்திருந்து திருகவேண்டிய வேலையை அம்மணி தானே செய்தது.

மலாயாத் தீவகற்பத்தின் தென்முனையில், சிங்கப்பூரின் காலாங்கில் 1862இல் எரிவாயு ஆலை எழுந்தது. 1864இல் அந்நகரத் தெருக்களில் வாயு விளக்குகள் எரியலாயின. கோலாலம்பூரோ எண்ணெய் விளக்கிலிருந்து மின்விளக்குக்கு நேரே தாவிய நகரம். 1894இல் ரவாங்கின் ஈயச் சுரங்கத்தில் மின்னாற்றலைக் கொணர்ந்தவர்கள் லோக் இயூவும், கோலாலம்பூர் ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயத்தை நிறுவிய தம்புசாமிப் பிள்ளையும் ஆவர். ஆகவே இந்நகரில் எரிவாயுவின் வரலாறு தெருவில் தொடங்கவில்லை. நெடுங்காலம் கழித்து அடுக்களையில் தொடங்கிற்று.

தோட்டப்புற லயங்களில் ரப்பர் விறகும், பின்னர் மண்ணெண்ணெய் அடுப்பும் எரிந்தன. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் கிள்ளான், பிரிக்பீல்ட்ஸ், பெட்டாலிங் ஜெயா ஆகிய ஊர்களுக்குக் குடிபெயர்ந்த காலத்தில், அவர்களின் வாழ்வில் 14 கிலோ எரிவாயுத் தோம்பு இடம்பெற்றது. புகையால் கண் கலங்கிய பெண்டிர்க்கு அது பெரிய விடுதலை. அவ்விடுதலையோடு, பல மடங்கு அழுத்தத்தில் அடைபட்ட ஓர் ஆற்றலும் வீட்டுக்குள் வந்தது என்பதை அன்று எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருப்பர்!

தோம்பினுள் இருப்பது புரோப்பேன், பியூட்டேன் என்னும் வாயுக்களின் நீர்மக் கலவை. நம் நாட்டு வெப்பத்தில் அதன் அழுத்தம், கலவைக்கேற்ப, வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஐந்து மடங்கு அளவில் இருக்கும். வீட்டு அடுப்புக்கு வேண்டுவதோ வளிமண்டலத்தைவிட நூற்றில் மூன்று பங்கு மட்டுமே மிகுதி. ஏறத்தாழ 300 மில்லிமீட்டர் உயர நீரைத் தாங்கும் அளவு. இவ்விரண்டுக்கும் இடையே நிற்பதுதான் தோம்பின் தலையில் பொருத்தும் அழுத்தச் சீராக்கி. மக்கள் வழக்கில் ரெகுலேட்டர்.

அதன் உள்ளே, கிளெக் காலத்து மணியின் இடத்தில் ரப்பர்ச் சவ்வு ஒன்று இருக்கிறது. சவ்வின் மேலே சுருள்வில், கீழே வாயு. வில் சவ்வைக் கீழே அழுத்தி வாயிலைத் திறக்க முயலும். உட்புகுந்த வாயு சவ்வை மேலே தள்ளி வாயிலை மூட முயலும். இவ்விரண்டின் இழுபறி ஓயும் நிலையே அடுப்புக்குச் செல்லும் அழுத்தம். அடுப்பைத் திருகினால் சவ்வின்கீழ் வாயு குறையும், வில் வெல்லும், வாயில் திறக்கும். அடுப்பை அணைத்தால் வாயு தேங்கும், சவ்வு வெல்லும், வாயில் அடையும். சீராக்கி அகன்று தட்டையாக இருப்பதற்கும் காரணம் இதுவே. சவ்வின்மேல் செயற்படும் அழுத்தம் சிறிது. அதன் பரப்பு அகன்றிருந்தால்தான், தோம்பின் பேரழுத்தம் முட்டும் சிறுதுளையை மூடுதற்குரிய வலிமை பிறக்கும்.

ரப்பர் என்றதும் பால்மரம் சீவிய கைகளை நினைப்பது இந்நாட்டுத் தமிழர்க்கு இயல்பு. ஆயினும் பால்மரத்து இயற்கை ரப்பர் இவ்வேலைக்கு உதவாது. எரிவாயு பட்டால் அது உப்பி நலிவடையும். ஆதலின் எண்ணெய்க்கும் வாயுவுக்கும் அசையாத செயற்கை ரப்பரே இங்குப் பயன்படுகிறது. அதுவும் காலப்போக்கில் இறுகி வெடிக்கும் என்பதால், சீராக்கியையும் குழாயையும் சில ஆண்டுகளுக்கொருமுறை மாற்றவேண்டும். பழுதில்லாதது போல் தோன்றும் பழைய சீராக்கி பல வீடுகளில் தோம்புகள் பல மாறியும் தான் மாறாமல் இருக்கிறது.

தோம்பு வாயுவன்றி, குழாய் வழி வரும் இயற்கை வாயுவும் கிள்ளான் பள்ளத்தாக்கில் உண்டு. திரங்கானுவின் கெர்த்தேயில் தொடங்கும் தீவகற்ப வாயுக் குழாய்த் திட்டம் 1984 முதல் செயற்படுகிறது. தொழிற்சாலைகளுக்கு வருமுன் அவ்வாயுவின் அழுத்தம் நிலையம் நிலையமாகப் படிப்படியாகத் தணிக்கப்படுகிறது. தணியாத அழுத்தம் எத்தகையது என்பதை 2025 ஏப்ரல் 1ஆம் நாள் நாடே கண்டது. நோன்புப் பெருநாளின் இரண்டாம் நாள் காலை, சுபாங் ஜெயாவின் புத்ரா ஹைட்ஸில், ஸ்ரீ மகா காளியம்மன் ஆலயத்துக்கு அருகே மண்ணடிக் குழாய் வெடித்தது. தீப்பிழம்பு 30 மீட்டருக்கு மேல் எழுந்தது. அடைப்பான்களை மூடிய பின்னும், குழாயில் எஞ்சிய வாயு தீரத் தீர எரிந்து, பிற்பகல் 3.45க்குத்தான் அணைந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் காயமுற்றனர். உயிரிழப்பு நேரவில்லை, அது பெரும்பேறு. குழாயின் கீழிருந்த மண் நிலைகுலைந்ததே காரணம் என்று அவ்வாண்டு ஜூன் 30இல் வெளியான விசாரணை முடிவு கூறியது. அங்குத் தவறியது சீராக்கியன்று.

சீராக்கியே தவறினால் நேர்வதை அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலம் 2018 செப்டம்பர் 13இல் கண்டது. லாரன்ஸில் பழைய வார்ப்பிரும்புக் குழாயை விலக்கிப் புதுக்குழாய் இணைத்தனர். ஆனால் அழுத்தத்தை உணர்ந்து சீராக்கிக்குச் சொல்லும் சிறுகுழாயோ பழைய குழாயிலேயே இருந்துவிட்டது. விலக்கப்பட்ட குழாயில் அழுத்தம் தணியத் தணிய, சீராக்கி வாயு போதவில்லை என்றெண்ணி வாயிலை முழுதாகத் திறந்தது. வீடுகளுக்குச் சென்ற அழுத்தம் பன்மடங்காயிற்று. லாரன்ஸ், ஆண்டோவர், வடக்கு ஆண்டோவர் ஆகிய ஊர்களில் 131 கட்டடங்கள் சேதமுற்றன. 18 வயது இளைஞர் ஒருவர் உயிரிழந்தார். சீராக்கி தன் கடமையைச் சரியாகவே செய்தது. அதற்குச் சொல்லப்பட்ட செய்திதான் பொய்.

வீட்டுச் சீராக்கி காற்றிலிருந்து பெறும் செய்தியும் ஒரு சிறு துளை வழியேதான் வருகிறது. மூடியில் உள்ள அத்துளை, சவ்வின் மேற்புறம் காற்று தடையின்றி வந்துபோகும் பொருட்டு அமைந்தது. எண்ணெய்ப் பிசுக்கும், குளவி கட்டும் மண்ணும் அதனை அடைத்தால் சவ்வு இயல்பாக அசையாது. பிரிக்பீல்ட்ஸின் வாழையிலை உணவகங்களிலும் சாலையோரக் கடைகளிலும் பெருஞ்சுடர் வேண்டி உயர் அழுத்தச் சீராக்கியைப் பொருத்துவர். அவை வீட்டு அடுப்புக்கு உரியவையல்ல. நிறமும் வடிவும் நோக்கி வாங்குவதினும், சிரிம் முத்திரை நோக்கி வாங்குவது நன்று. வாயு காற்றினும் கனமானது. கசிந்தால் தரையோடு படியும். மோப்பத்தால் அறியவே அதில் கந்தக நாற்றம் சேர்க்கப்படுகிறது. அந்நாற்றம் எழுந்த அடுக்களையில் முதலில் செய்யத்தக்கது சீராக்கியின் திறப்பை மூடி, கதவுகளை அகலத் திறப்பது. மின்விசையைத் தொடலாகாது.