தி-பன்ச்: ரம்மும் நம் ஊர்க் கப்பலும்

பிரான்சிலிருந்து லீவுக்கு வரும் நம் பட்டினத்துப் பிள்ளைகள் சிலர் மர்த்தினீக் தீவின் வெள்ளை ரம் கொண்டு வருவார்கள். அந்தத் தீவில் அதை வைத்துக் கலக்கும் பானத்துக்கு ‘தி-பன்ச்’ என்று பெயர். ‘தி’ என்பது ‘பெத்தி’யின் சுருக்கம், சின்னது என்று பொருள். ‘பன்ச்’ நம் ‘பஞ்ச’ என்ற சொல்லிலிருந்து போனது என்று பல அகராதிகள் சொல்கின்றன. 17ஆம் நூற்றாண்டில் இங்கே வந்த வெள்ளைக்காரர்கள் சாராயம், சர்க்கரை, எலுமிச்சை, தண்ணீர், மசாலா என்று ஐந்தையும் கலந்து குடித்தார்கள். தீவுக்காரர்கள் மூன்றோடு நிறுத்திக்கொண்டார்கள்: ரம், எலுமிச்சைத் துண்டு, கரும்புச் சர்க்கரை. மத்து மாதிரி ஒரு குச்சியால் கலக்குவார்கள். அவரவர் கிளாஸை அவரவரே கலந்துகொள்வது வழக்கம்; ‘அவரவர் சாவை அவரவரே தயாரிக்கிறார்கள்’ என்று அங்கே கேலியாகச் சொல்வார்களாம்!

சத்து என்ன என்று கேட்பீர்கள், நம் வயது அப்படி. 50 டிகிரி ரம் 50 மில்லியில் சாராயச் சத்து மட்டும் ஏறக்குறைய 20 கிராம். கிராமுக்கு 7 கலோரி வீதம் 140. ஒரு ஸ்பூன் சர்க்கரைக்கு 20. ஆக 160 கலோரி. புரதம் இல்லை, எலுமிச்சையில் வைட்டமின் சி சொட்டளவுதான். சுகர் மாத்திரை, இன்சுலின் எடுப்பவர்களுக்கு வெறும் வயிற்றில் குடித்தால் சர்க்கரை திடீரென இறங்கிவிடும். அது ஏறுவதைவிட ஆபத்து.

அந்த ரம்முக்குக் கரும்பு வெட்டியவர்கள் யார்? எங்கள் பிரெஞ்சுப் பாடப்புத்தகத்தில் 1848இல் அடிமைமுறை ஒழிந்தது, ஷெல்ஷேர் பெரிய மனிதர் என்பதெல்லாம் இருந்தது. அதற்குப் பிறகு யார் வெட்டினார்கள் என்று ஒரு வரிகூட இல்லை. வெட்டியவர்களில் நம் ஆட்களும் நிறையப் பேர். காரைக்காலிலும் புதுச்சேரியிலும் கப்பலேறியவர்கள். தஞ்சைச் சீமைக்காரர்களும் அதில் உண்டு. ‘ஒரேலி’ என்ற கப்பல் 1853 மே மாதம் மர்த்தினீக்கிலும், 1854 டிசம்பரில் குவாதலூப்பிலும் முதல் கூட்டத்தை இறக்கியது. ஐந்து வருட ஒப்பந்தம். 1880களில் நிற்பதற்குள் குவாதலூப்புக்குச் சுமார் 42,000 பேரும் மர்த்தினீக்குக்குச் சுமார் 25,000 பேரும் போய்ச் சேர்ந்தார்கள். ஏராளமானவர்கள் அங்கேயே மாண்டார்கள். திரும்பி வந்தவர்கள் கொஞ்சம்தான்.

பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் போய்விட்டது. ஆனால் குவாதலூப்பில் மாரியம்மன் இருக்கிறாள், ‘மலியமேன்’ என்ற பெயரில். மதுரைவீரனும் இருக்கிறார். இங்கே அவருக்குச் சாராயமும் சுருட்டும் வைப்போம் அல்லவா? அங்கே ரம் வைக்கிறார்கள்.