நல்ல பல்லைப் பிடுங்கலாமா? நூறு வருட வழக்கில் கம்ப்யூட்டர் சொன்ன சாட்சி

பல்லுக்குக் கிளிப் போடுவது என்று ஒரு வீட்டில் முடிவானதும் வரும் முதல் கேள்வி, எவ்வளவு செலவாகும் என்பது. இரண்டாவது, எத்தனை மாதம் ஆகும் என்பது. மூன்றாவதாக ஒரு கேள்வி உண்டு. அதைக் கேட்பதற்குள் பல நேரம் டாக்டரே பதிலைச் சொல்லிவிடுவார். "நாலு பல் எடுக்கணும்." சொத்தை இல்லாத, ஆடாத, நல்ல பல் நாலு. மேலே இரண்டு, கீழே இரண்டு. கேட்பவர்களுக்குத் தூக்கிவாரிப் போடும். கோணல் பல்லை நேராக்க வந்த இடத்தில் நல்ல பல்லை எதற்குப் பிடுங்க வேண்டும்?

இந்தக் கேள்விக்கு வயது நூறைத் தாண்டிவிட்டது. பல் சீரமைப்பில் எக்ஸ்ரே, கம்ப்யூட்டர், ஸ்கேனர் எல்லாம் ஏன் வந்தன, அவை உண்மையில் எதற்கு உதவுகின்றன என்று புரிய வேண்டுமானால் இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனாலே போதும்.

குருவும் சீடரும்

நவீன பல் சீரமைப்பின் தந்தை என்று சொல்லப்படுபவர் அமெரிக்காவின் எட்வர்ட் ஆங்கிள். பல்வரிசைக் கோளாறுகளை அவர் 1899-ல் மூன்று வகையாகப் பிரித்தார். பல் மருத்துவ மாணவர்கள் இன்றும் அதைத்தான் படிக்கிறார்கள். 1900-ல் செயின்ட் லூயிஸ் நகரில் இந்தத் துறைக்கென்றே ஒரு பள்ளியையும் தொடங்கினார். அவருடைய கொள்கை எளிமையானது. இயற்கை கொடுத்த எல்லாப் பல்லுக்கும் வாயில் இடம் உண்டு. வரிசையை விரித்துக் கொடுத்தால் போதும், பல்லைப் பிடுங்கக் கூடாது.

கால்வின் கேஸ் என்ற இன்னொரு அமெரிக்கர் இதை மறுத்தார். சிலருக்குத் தாடை சிறியது, பல் பெரியது. எல்லாவற்றையும் உள்ளே அடைத்தால் வாய் முன்னால் தள்ளிக்கொண்டு நிற்கும் என்றார். 1911-ல் ஆங்கிளின் சீடர்களுக்கும் கேஸுக்கும் பெரிய விவாதம் நடந்தது. அன்று செல்வாக்கு ஆங்கிள் பக்கம்தான் இருந்தது. அவர் சொன்னபடியே பல ஆண்டுகள் சிகிச்சை நடந்தது.

திருப்பம் ஆங்கிளின் சீடர் ஒருவரிடமிருந்தே வந்தது. அரிசோனாவில் தொழில் செய்த சார்லஸ் ட்வீட், குரு சொன்னபடி பல் பிடுங்காமலே சிகிச்சை செய்து வந்தவர். ஆனால் கம்பியைக் கழற்றிச் சில ஆண்டுகள் கழித்துப் பார்த்தால் பலருக்குப் பல் மறுபடியும் கோணிவிட்டிருந்தது. சிலருக்கு முகமே எடுப்பாக இல்லை. அவர்களைத் திரும்ப அழைத்தார். நாலு முன்கடைவாய்ப் பற்களை எடுத்துவிட்டு மறுபடியும் சிகிச்சை செய்தார். அப்படி இரண்டு முறை சிகிச்சை பெற்ற 100 பேரின் பல் மாதிரிகளை 1940-ல் சக மருத்துவர்கள் முன் வரிசையாக வைத்துக் காட்டினார். காற்று எதிர்த் திசையில் அடிக்க ஆரம்பித்தது. அடுத்த சில பத்தாண்டுகள் பல் பிடுங்குவதே வழக்கமாகிப் போனது. அதுவும் எல்லை மீறியபோது மறுபடியும் எதிர்ப்பு கிளம்பியது.

இந்த இரு தரப்பிலும் திறமைக்குக் குறைவில்லை. குறை வேறு இடத்தில் இருந்தது. முடிவு எப்படி வரும் என்று முன்கூட்டியே பார்க்க யாருக்கும் வழி இல்லை. சரியா தவறா என்பது இரண்டு வருட சிகிச்சை முடிந்து, இன்னும் சில வருடம் போன பிறகுதான் தெரியும். அதற்குள் பிடுங்கிய பல் பிடுங்கியதுதான்.

பிளாஸ்டரில் ஒரு ஒத்திகை

முன்கூட்டியே பார்ப்பதற்கான முதல் பெரிய கருவி 1931-ல் வந்தது. அமெரிக்காவில் ஹோலி பிராட்பென்ட், ஜெர்மனியில் ஹோஃப்ராத் இருவரும் தனித்தனியாக, தலையை ஒரே நிலையில் நிறுத்திப் பக்கவாட்டில் எக்ஸ்ரே எடுக்கும் முறையை அதே ஆண்டில் வெளியிட்டார்கள். அந்தப் படத்தின் மேல் மெல்லிய தாளை வைத்து, எலும்பின் ஓரங்களைப் பென்சிலால் வரைந்து, குறிப்பிட்ட புள்ளிகளை இணைத்து, பாகைமானியால் கோணங்களை அளப்பார்கள். பல் முன்தள்ளி இருக்கிறதா, தாடையே முன்தள்ளி இருக்கிறதா என்பது அப்போதுதான் பிரித்துத் தெரிந்தது.

இரண்டாவது கருவி இன்னும் சுவாரஸ்யமானது. ஹரோல்டு கெஸ்லிங் என்ற மருத்துவர் நோயாளியின் பிளாஸ்டர் மாதிரியை எடுத்து, பற்களை ஒவ்வொன்றாக ரம்பத்தால் அறுத்துப் பிரித்தார். அவற்றை மெழுகில் நேரான வரிசையாக மறுபடியும் பதித்துப் பார்த்தார். பிடுங்காமல் இடம் போதுமா, பிடுங்கினால் எவ்வளவு இடைவெளி மிஞ்சும் என்பதெல்லாம் கையிலேயே தெரிந்துவிடும். வாயில் கை வைப்பதற்கு முன் நடக்கும் ஒத்திகை இது. இன்று கம்ப்யூட்டர் திரையில் பற்களை நகர்த்திக் காட்டுகிறார்களே, அதன் தாத்தா இந்த மெழுகு வரிசைதான். ஆனால் ஒரு ஆளுக்கு இதைச் செய்யவே பல மணி நேரம் ஆகும். ஒரு மாதிரியை அறுத்துவிட்டால் வேறு திட்டத்தைப் பார்க்க இன்னொரு மாதிரி வேண்டும்.

யாருடைய முகம் அளவுகோல்?

எக்ஸ்ரேயில் கோணத்தை அளந்தாயிற்று. அது சரியான கோணமா, தப்பான கோணமா என்று எப்படிச் சொல்வது? அதற்கு ஒப்பிட ஒரு அளவு வேண்டும். 1948-ல் வில்லியம் டவுன்ஸ் அப்படி ஒரு அட்டவணையைக் கொடுத்தார். பல்வரிசை நன்றாக அமைந்த வெள்ளை இன அமெரிக்க இளம் வயதினர் 20 பேரை அளந்து எடுத்த எண்கள் அவை. இருபதே பேர்! பின்னால் ஸ்டெய்னர் போன்றவர்களும் தங்கள் அட்டவணைகளைக் கொடுத்தார்கள். அங்கே உருவான எண்கள் பாடப்புத்தகங்கள் வழியாக உலகம் முழுக்கப் போயின.

சென்னையில் பல் மருத்துவப் படிப்பு 1953-ல் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகத் தொடங்கியது. இந்தியப் பல் சீரமைப்பு மருத்துவர்களின் சங்கம் 1965-ல் உருவானது. இங்கே படித்தவர்கள் கையிலும் முதலில் இருந்தது அந்த அமெரிக்க எண்கள்தான்.

அதில் என்ன சிக்கல்? தென்னிந்தியர்களை அளந்த ஆய்வுகள் பலவற்றில், முன்பற்களும் உதடுகளும் அந்த அமெரிக்க அளவைவிடச் சற்று முன்னால் இருப்பதுதான் இங்கே இயல்பு என்று தெரிந்தது. அதாவது நம் ஊரில் "லட்சணமான முகம்" என்று சொல்லப்படும் முகமே அந்த அட்டவணையில் "பல் முன்தள்ளியது" என்று வந்துவிடலாம். முன்தள்ளியது என்றால் உள்ளே இழுக்க வேண்டும். இழுக்க இடம் வேண்டும். இடத்துக்கு நாலு பல் போக வேண்டும். இருபது அமெரிக்கர்களின் முகம் ராஜபாளையத்துப் பெண்ணின் பல்லைத் தீர்மானிக்கும் ஆபத்து இதில் இருந்தது. இதனால்தான் இந்தியக் கல்லூரிகள் நம் மக்களுக்கான அளவுகளைத் தனியாகத் தொகுக்க ஆரம்பித்தன. எண்ணோடு நிறுத்தாமல், எதிரே உட்கார்ந்திருக்கும் முகத்தையும் பார்த்து முடிவு செய்வதே இன்றைய பாடம்.

கம்ப்யூட்டர் நுழைந்த கதை

1960-களின் இறுதியில் ராபர்ட் ரிக்கெட்ஸ் இந்த எக்ஸ்ரே கணக்கைக் கம்ப்யூட்டரிடம் கொடுத்தார். வளரும் பிள்ளையின் தாடை சில வருடத்தில் எப்படி இருக்கும் என்ற கணிப்பையும் அதில் சேர்த்தார். 1985-ல் சூரிச் நகரில் வெர்னர் மோர்மான் ஒரு சிறிய கேமராவை வாய்க்குள் விட்டுப் பல்லின் வடிவத்தைப் படம் பிடித்து, அதே இடத்தில் பல் அடைப்பைச் செதுக்கிப் பொருத்திக் காட்டினார். வாய்க்குள் போகும் இன்றைய ஸ்கேனர்களின் தொடக்கம் அதுதான். 1990-களின் இறுதியில் இத்தாலியிலும் ஜப்பானிலும் தாடைக்கென்றே சிறிய முப்பரிமாண ஸ்கேன் கருவிகள் உருவாயின.

வணிகவியல் மாணவர்கள் கவனிக்க வேண்டிய கட்டம் அடுத்தது. 1997-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எம்.பி.ஏ. படித்த ஜியா சிஷ்டி, கெல்சி விர்த் இருவரும் அலைன் டெக்னாலஜி என்ற கம்பெனியை ஆரம்பித்தார்கள். இருவருமே பல் மருத்துவர்கள் இல்லை! பல்லைத் திரையில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பிளாஸ்டிக் உறை செய்து, வரிசையாக மாட்டினால் கம்பியே இல்லாமல் பல் நகராதா என்பதுதான் யோசனை. உறையால் பல்லை நகர்த்தும் எண்ணம் 1945-லேயே கெஸ்லிங்குக்கு இருந்தது. அத்தனை மாதிரிகளைக் கையால் செய்ய முடியாததால் அது அப்படியே நின்றது. முப்பரிமாண அச்சு வந்ததும் வழி பிறந்தது. 1998-ல் அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தது. திரையில் பற்களை நகர்த்தும் வேலையை ஆரம்பத்தில் செய்தவர்கள் பாகிஸ்தானின் லாகூரில் இருந்த நூற்றுக்கணக்கான இளைஞர்கள். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு அந்த வேலை கோஸ்டாரிகாவுக்கு மாறியது. பல் ஒரு நாட்டில், திட்டம் இன்னொரு நாட்டில் என்ற நிலை இப்படித்தான் வந்தது.

ஊருக்கு என்ன லாபம்?

ஸ்ரீவில்லிபுத்தூரை ஒட்டி ஒரு திருவண்ணாமலை இருக்கிறது. கிரிவலத் திருவண்ணாமலை அல்ல, மலைமேல் சீனிவாசப் பெருமாள் இருக்கும் திருவண்ணாமலை. அங்கிருந்தோ ராஜபாளையத்திலிருந்தோ மதுரைக்குப் போய் வருவதென்றால் அரை நாள் வேலை. சென்னை என்றால் ஒரு இரவுப் பயணம். பல் சீரமைப்பில் இந்தத் தூரத்துக்கு ஒரு தனி அர்த்தம் உண்டு. பல்லுக்கு அச்சு எடுக்கும் ஆல்ஜினேட் பசை, ஈரம் காயக் காயச் சுருங்கிவிடும். உடனே அதில் பிளாஸ்டர் ஊற்ற வேண்டும். ஊற்றிய மாதிரியோ கீழே விழுந்தால் உடையும். பஸ்ஸில் அனுப்பிக் கருத்துக் கேட்கும் சமாசாரம் இல்லை.

ஸ்கேனர் கொடுக்கும் கோப்பு சுருங்காது, உடையாது. சின்ன ஊர் கிளினிக்கில் எடுத்ததை அடுத்த நிமிடம் சென்னையில் உள்ள நிபுணர் திறந்து பார்க்கலாம். பல் எடுத்தால் எப்படி, எடுக்காமல் வரிசையை விரித்தால் எப்படி என்று இரண்டு திட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டலாம். கெஸ்லிங் பல மணி நேரம் அறுத்துச் செய்த ஒத்திகையை, அறுக்காமலே எத்தனை முறை வேண்டுமானாலும் செய்யலாம். பெற்றோரும் கண்ணால் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.

எலும்புக்குள் ஒளிந்திருப்பதைக் காட்டுவது முப்பரிமாண ஸ்கேனின் வேலை. மேல் கோரைப்பல் முளைக்காமல் உள்ளேயே சிக்கிக்கொண்டால், அது அண்ணத்துப் பக்கம் இருக்கிறதா உதட்டுப் பக்கம் இருக்கிறதா என்று சாதாரண எக்ஸ்ரேயில் உறுதியாகத் தெரியாது. சென்னை சவீதா பல் மருத்துவக் கல்லூரியில் 2019-ல் ஏழு வயதுச் சிறுவன் ஒருவனின் கீழ்த்தாடையிலிருந்து 526 குட்டிப் பற்கள் எடுக்கப்பட்டது உலகச் செய்தியானது. வெளியே தெரிந்தது வீக்கம் மட்டும்தான். உள்ளே இருந்ததைக் காட்டியவை எக்ஸ்ரேயும் சி.டி. ஸ்கேனும். அதற்காக எல்லோருக்கும் அந்த ஸ்கேன் தேவையில்லை. சாதாரண எக்ஸ்ரேயைவிட அதில் பொதுவாகக் கதிர்வீச்சு அதிகம் என்பதால், தேவையானவர்களுக்கு மட்டுமே எடுக்க வேண்டும்.

திரை சொல்லாதது

திரையில் பல் நகர்வது வெண்ணெயில் கத்தி போவது மாதிரி இருக்கும். வாயில் அப்படி இல்லை. பல் நகர வேண்டுமானால் ஒரு பக்கம் எலும்பு கரைந்து மறுபக்கம் புதிதாக வளர வேண்டும். அதற்கு மாதம் சுமார் ஒரு மில்லிமீட்டர்தான் வேகம். கம்ப்யூட்டர் எதுவும் அதை மாற்றிவிடவில்லை. உறை சிகிச்சையில் திரையில் காட்டிய நகர்வில் எவ்வளவு வாயில் நடந்தது என்று 2009-ல் கிராவிட்ஸ் குழு அளந்தபோது, முன்பற்களில் சராசரி 41 சதவீதம் என்று வந்தது. 2020-ல் வந்த அடுத்த ஆய்வில் எல்லாப் பற்களுக்கும் சேர்த்து 50 சதவீதம். மிச்சத்தை நடுவில் பார்த்துப் பார்த்துத் திருத்துபவர் மருத்துவர்தான்.

இன்னொன்றும் உண்டு. பென்சிலும் பாகைமானியும் வைத்துச் செய்த வேலையை இன்று செயற்கை நுண்ணறிவு சில நொடிகளில் முடித்துவிடுகிறது. கோணங்கள் கடகடவென்று வந்து விழும். "இயல்பு" என்று பக்கத்திலேயே ஒரு எண்ணும் வரும். அந்த எண் யாரை அளந்து எடுத்தது என்பதைத் திரை தானாகச் சொல்லாது. தாளில் இருந்த 1948-ஆம் வருடத்துப் பழக்கம், சத்தமில்லாமல் மென்பொருளுக்குள்ளும் உட்கார்ந்திருக்கலாம்.

ஆகவே நாலு பல் எடுக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் பயப்படவும் வேண்டாம், உடனே தலையாட்டவும் வேண்டாம். எடுத்தால் எப்படி வரும், எடுக்காவிட்டால் எப்படி வரும் என்று இரண்டையும் காட்டச் சொல்லிக் கேட்கலாம். ஒப்பிடும் அளவு நம் மக்களுடையதா என்றும் கேட்கலாம். பதில் "எடுக்கத்தான் வேண்டும்" என்றே வரலாம், பலருக்கு அதுதான் சரியான சிகிச்சை. கேஸும் ட்வீடும் வருடக்கணக்கில் காத்திருந்து தெரிந்துகொண்டதில் ஒரு பகுதியையாவது, இன்று பிடுங்குவதற்கு முன்பே பார்த்துக்கொள்ள முடிகிறது. கேட்டுப் பார்ப்பதற்குச் செலவும் இல்லை.