விற்பனையா, வழங்கலா? கிளப்பும் கள்ளு ஷாப்பும் கடந்து வந்த பாதை

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரை வழியாகப் பொன்முடிக்குச் செல்லும் சாலை, கல்லாற்றைக் கடந்ததும் மலையேறத் தொடங்குகிறது. 22 கொண்டையூசி வளைவுகளுக்கு மேலே தேயிலைத் தோட்டங்கள். கீழே தென்னையும் ரப்பரும் சூழ்ந்த சிற்றூர்கள். திருவிதாங்கூரின் மது வரலாறும் இப்படி மேலும் கீழுமாகவே அமைந்தது. மலைநாட்டில் தோட்டத் துரைமார்களின் கிளப். சமவெளியில் உழைப்பாளிகளின் கள்ளு ஷாப்பு. இரண்டிலும் மது அருந்தப்பட்டது. ஆயினும் அரசு இரண்டையும் ஒரே கண்ணால் பார்க்கவில்லை. கிளப்பில் குடிப்பவரைப் பொறுப்புள்ளவர் என்று கருதியது. ஷாப்பில் குடிப்பவரைக் கண்காணிக்கப்பட வேண்டியவர் என்று கருதியது. இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது, அது கிளப்பின் மீது எத்தகைய கடமையைச் சுமத்துகிறது என்பவை இன்றும் விவாதிக்கத்தக்க வினாக்கள்.

இந்த வேறுபாடு கேரளத்தில் பிறந்ததன்று. அதன் பழைய தடம் ஒன்று இங்கிலாந்தின் புல்வெளி விளையாட்டான லான் பவுல்ஸில் கிடைக்கிறது. உருட்டுப் பந்தை வெள்ளைச் சிறுபந்துக்கு மிக அருகில் கொண்டுசேர்க்கும் இந்த எளிய ஆட்டம், மதுக்கடைகளை ஒட்டிய திடல்களில் சூதாட்டத்தோடு சேர்ந்தே பரவியது. 1541-இல் எட்டாம் ஹென்றியின் காலத்துச் சட்டம் ஒன்று, கைவினைஞர், தொழில் பழகுவோர், பணியாளர் ஆகியோர் கிறிஸ்துமஸ் காலம் தவிர வேறு நாள்களில் இதை ஆடக் கூடாது என்று தடுத்தது. கிறிஸ்துமஸிலும் எசமானரின் வீட்டிலோ முன்னிலையிலோதான் ஆடலாம். ஆண்டுக்கு 100 பவுண்டு வருவாய் தரும் நிலம் உடையவரோ உரிமம் பெற்றுத் தம் சொந்தப் புல்வெளியில் ஆடலாம். ஆட்டம் ஒன்றே, ஆடுபவரின் நிலவுடைமையே அதைக் குற்றமாகவோ பொழுதுபோக்காகவோ ஆக்கியது. இத்தடை சட்டப் புத்தகத்திலிருந்து நீங்க 1845 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அதன் பின்னர் ஆட்டம் கிளப்புகளுக்குள் ஒழுங்குபெற்றது. கிளாஸ்கோ நகரின் வில்லியம் மிட்செல் 1840களின் இறுதியில் அதன் விதிகளைத் தொகுத்தார். உறுப்பினர் பட்டியல், சந்தா, நிர்வாகக் குழு, விருந்தினர் பதிவேடு ஆகியவை சேர்ந்ததும், மதுக்கடையின் பக்கத்துத் திடல் மதிப்புக்குரிய மன்றமாயிற்று. மது அங்கிருந்து வெளியேறவில்லை. அதை அருந்துபவர் பெயர் தெரிந்தவராக மாறினார்.

இந்த அமைப்பே காலனியாட்சியோடு இந்தியா வந்தது. 1832-இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் கிளப் இந்தியரை உறுப்பினராக ஏற்கவில்லை. 1873-இல் தோன்றிய காஸ்மாபாலிட்டன் கிளப் இந்தியருக்கும் கதவைத் திறந்தது. ஆனால் திறந்தது கற்ற, வசதி படைத்த இந்தியருக்கு. காலனிய கிளப்பில் பணம் கைமாறுவதில்லை; உறுப்பினர் ஒரு சிட்டில் கையொப்பமிடுவார், மாத இறுதியில் கணக்குத் தீரும். 'சிட்' என்னும் அச்சொல்லே இந்துஸ்தானி 'சிட்டி'யிலிருந்து ஆங்கிலத்துக்குச் சென்றது. யார், எந்நாளில், எவ்வளவு அருந்தினார் என்பதற்கு அச்சிறு தாள் சான்றாக நின்றது. நாணயம் கொடுத்துக் குடிக்கும் கடையில் அத்தகைய சான்று எதுவும் எஞ்சுவதில்லை.

கிளப்புக்குச் சட்டம் அளித்த சலுகை இரண்டு வினைச்சொற்களுக்கு இடையே பிறந்தது: 'விற்றல்', 'வழங்கல்'. 1882-இல் இங்கிலாந்தில் தீர்ப்பான கிராஃப் எதிர் எவன்ஸ் வழக்கில், உரிமம் இல்லாத ஒரு கிளப்பின் மேலாளர் உறுப்பினர் ஒருவருக்கு மது கொடுத்துப் பணம் பெற்றார். அது சில்லறை விற்பனை ஆகாது என்றது நீதிமன்றம். கிளப்பின் சரக்கு உறுப்பினர் அனைவருக்கும் பொதுவான உடைமை. தம் உடைமையில் ஒரு பங்கைத் தாமே எடுத்துக்கொள்பவர் வாங்குபவர் அல்லர் என்பது அதன் தருக்கம். இச்சலுகையின் நிழலில் பெயரளவிலான கிளப்புகள் பெருகவே, மது வழங்கும் கிளப்புகள் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று 1902-ஆம் ஆண்டின் உரிமச் சட்டம் விதித்தது.

ஏறத்தாழ அதே காலத்தில் தென்னிந்தியச் சமவெளியில் வேறொரு சொல் ஆட்சி செலுத்தியது: அப்காரி. பாரசீகத்தில் 'ஆப்' நீரையும் 'கார்' தொழிலையும் குறிக்கும். இந்திய நிர்வாக மொழியில் அச்சொல் மது வருவாயின் பெயராயிற்று. 1886-இல் மதராஸ் அப்காரிச் சட்டம். கொல்லம் ஆண்டு 1077-இல், அதாவது கி.பி. 1901–02-இல், கொச்சி அப்காரிச் சட்டம். இவற்றின் கீழ்க் கடைகள் ஏலம் விடப்பட்டன. மிகுந்த தொகைக்கு ஏலம் எடுத்த குத்தகைதாரர், அத்தொகையை மீட்க மிகுதியாக விற்றே ஆக வேண்டும். கள்ளு ஷாப்பின் அளவு மீறிய குடிக்குக் குடிப்பவரின் குணத்தைக் காரணம் காட்டிய நிர்வாகம், விற்பவரை மிகுதியாக விற்கத் தூண்டிய தன் ஏல முறையைப் பற்றிப் பெரும்பாலும் பேசவில்லை. மலையாளத்தில் 'ஷாப்பு' என்னும் ஆங்கிலக் கடன்சொல், பொதுவான கடைப் பொருளினும் கள்ளுக்கடையையே முதன்மையாகச் சுட்டும் சொல்லாய் நிலைத்தது.

இதற்கு எதிர்ப்பு உள்ளிருந்தே எழுந்தது. திருவனந்தபுரத்தை அடுத்த செம்பழந்தியில் பிறந்த நாராயண குரு, கள்ளிறக்குதலை மரபுத் தொழிலாகக் கொண்டிருந்த ஈழவர் சமூகத்திடமே, மதுவை உண்டாக்கவோ கொடுக்கவோ குடிக்கவோ கூடாது என்று 1920களின் தொடக்கத்தில் அறிவுறுத்தினார். அவருடைய விலக்கில் 'கொடுத்தல்' தனியாக இடம்பெறுவது கவனத்துக்குரியது. பொறுப்பு குடிப்பவரோடு முடிவதில்லை, கொடுக்கும் கையையும் அது பற்றும் என்ற கருத்து அதில் இருந்தது.

கேரளத்தில் 1967-இல் மதுவிலக்கு தளர்த்தப்பட்டபோது, பழைய கொச்சிச் சட்டமே மாநிலம் முழுமைக்குமான அப்காரிச் சட்டமாயிற்று. பின்னர் வந்த அரசுகள் திரும்பத் திரும்ப எல்லையை மாற்றி வரைந்தன. 1996 ஏப்ரல் 1 முதல் சாராயம் தடைசெய்யப்பட்டது. எளியவரின் மலிவான மது சட்டத்திலிருந்து மறைந்ததே தவிர, தேவை மறையவில்லை. 2000 அக்டோபரில் கொல்லம் மாவட்டம் கல்லுவாதுக்கலில் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம் 30-க்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தது. 2014-இல் ஐந்து நட்சத்திரத் தகுதி இல்லாத விடுதிகளின் பார்களை மூட அரசு முடிவெடுத்தது. உச்ச நீதிமன்றம் 2015 டிசம்பரில் அதை ஏற்றது. 2017-இல் அடுத்த அரசு அதைத் தளர்த்தியது. நட்சத்திரங்களின் எண்ணிக்கை குடிப்பவரின் பொறுப்புக்கு அளவுகோலான அந்தச் சில ஆண்டுகளில், 1541-இன் 100 பவுண்டு விதி வேறு உருவில் திரும்பி வந்திருந்தது.

கிளப்பின் 'வழங்கல்' வாதமோ இந்திய நீதிமன்றங்களில் வரி வழக்குகளாகத் தொடர்ந்தது. மதராஸின் இளைஞர் இந்திய சங்கம் தொடர்புடைய வழக்கில், உறுப்பினருக்கு வழங்கும் உணவும் பானமும் விற்பனை ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 1970-இல் கூறியது. அதைக் கடக்க 1982-இல் அரசியலமைப்பின் 46-ஆவது திருத்தம் வந்தது. ஆயினும் 2019 அக்டோபரில், கல்கத்தா கிளப் வழக்கில், உறுப்பினரும் கிளப்பும் வேறல்லர் என்னும் கோட்பாடு திருத்தத்துக்குப் பின்னும் உயிரோடிருப்பதாக நீதிமன்றம் உரைத்தது.

இக்கோட்பாட்டின் மறுபக்கம் போதிய அளவு பேசப்படவில்லை. கிளப் விற்கவில்லை என்றால், அங்கே வாடிக்கையாளரும் இல்லை. 'அவர் கேட்டார், நாங்கள் கொடுத்தோம்' என்று ஒரு கடைக்காரர் ஒதுங்கக்கூடும். கிளப்பால் அப்படி ஒதுங்க முடியாது. அளவு மீறிய உறுப்பினர் அதன் இணை உடைமையாளர். அவருக்கு ஊற்றிய கை மற்ற எல்லா உறுப்பினரின் கை. வரிக்காக ஒரே உடலாய் நிற்கும் அமைப்பு, விபத்து நேர்ந்த இரவில் தனித்தனி மனிதராகப் பிரிந்துவிட இயலாது.

அந்தப் பொறுப்பு நடைமுறையில் எவ்வாறு இருக்கும் என்பதற்கும் வரலாற்றில் முன்மாதிரி உண்டு. 1865-இல் சுவீடனின் கோதன்பர்க் நகரம், சாராய விற்பனையை ஓர் அறக்கட்டளை போன்ற நிறுவனத்திடம் ஒப்படைத்தது. முதலீட்டாளருக்கு வரம்புக்குட்பட்ட ஈவு மட்டுமே, உபரி பொதுநலனுக்கு. ஊற்றுபவருக்கு மிகுதியாக ஊற்றுவதால் ஆதாயமில்லை. கேரளத்தின் ஏல முறைக்கு நேர்மாறான ஏற்பாடு இது. இலாப நோக்கற்ற சமூக கிளப் இயல்பிலேயே இந்த நிலையில் இருக்கிறது. மதுக்கூடத்தின் வருவாயைக் கொண்டே புல்வெளியைப் பராமரிக்கத் தொடங்கும் நாளில்தான் அது ஏலக் குத்தகைதாரரின் நெருக்கடிக்குள் நுழைகிறது. எனவே முதல் கேள்வி வரவு செலவுக் கணக்கைப் பற்றியது: சந்தாவால் திடல் நடக்கிறதா, மதுவால் நடக்கிறதா?

மற்றவை இதிலிருந்து தொடர்பவை. கேரளத்தில் மது அருந்தும் வயது 23. அறிமுகமானவரின் மகன் என்பதால் அந்த எண் குறையாது. விருந்தினர் பதிவேடு, அழைத்து வந்தவரைப் பொறுப்பாக்கும் ஆவணம். போதும் என்று மறுக்கும் பணியாளருக்குப் பின்னால் நிர்வாகக் குழு நிற்க வேண்டும். ஏனெனில் மறுக்கப்படுபவர் அவருக்கு ஊதியம் தருபவர்களுள் ஒருவர். ஷாப்பில் இல்லாத இந்தச் சிக்கலே கிளப்பின் உண்மையான சோதனை. அங்கே பணியாளரின் 'இல்லை' மதிக்கப்படாவிடில், பெயர் தெரிந்திருப்பது கட்டுப்பாடாக இராது, சலுகையாகவே முடியும்.

2022 ஆகஸ்ட் 2 அன்று பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில் இந்திய மகளிர் நால்வர் அணி லான் பவுல்ஸில் தென்னாப்பிரிக்காவை 17–10 என வென்று தங்கம் பெற்றது. அந்நால்வருள் லவ்லி சௌபே ஜார்க்கண்ட் காவல்துறையின் காவலர்; பிங்கி பள்ளி உடற்கல்வி ஆசிரியர். ஊதியத்துக்கு உழைப்பவருக்கு ஒருகாலத்தில் மறுக்கப்பட்ட ஆட்டம், அத்தகையோர் கையிலேயே இந்தியாவுக்குப் பதக்கமாகியது. ஆட்டத்தின் மீதான அந்தப் பழைய சந்தேகம் நீங்கிவிட்டது. கல்லாற்றுக்குக் கீழே ஷாப்பில் அமர்பவரையும் மேலே மன்றத்தில் அமர்பவரையும் ஒரே அளவுகோலால் அளக்கும் மதுக் கொள்கைதான் இன்னும் எழுதப்படவில்லை. அதை எழுதுவோர் குடிப்பவரின் தகுதியை விட்டுவிட்டு, கொடுப்பவரின் ஆதாயத்திலிருந்து தொடங்க வேண்டும்.