வெக்கையும் ஆட்டுக்கொல்லியும்: புதுச்சேரிக் கிராமங்களில் கால்நடைக் கழிச்சல் நோய்களின் கதை

மாடுகளின் குடலைத் தாக்கிய தொற்றுநோய்களில் வெக்கையைப் போலக் கொடியது வேறில்லை. முதலில் கடுங்காய்ச்சல் அடிக்கும். கண்ணிலும் மூக்கிலும் நீர் வடியும். ஈறு, நாக்கின் அடி, உதட்டின் உட்புறம் எங்கும் தவிட்டைத் தூவியது போலப் புண்கள் கிளம்பும். எச்சில் கயிறாகத் தொங்கும். மாடு அசைபோடுவதை நிறுத்திவிடும். அடுத்த சில நாளில் கழிச்சல் பிடிக்கும். நாற்றமெடுத்து, சளியும் இரத்தமும் கலந்து வரும் அந்தக் கழிச்சலில் உடம்பின் நீரெல்லாம் வற்றிப்போக, காய்ச்சல் கண்ட ஒரு வாரம் பத்து நாளுக்குள் மாடு சாய்ந்துவிடும். முன்பு நோய் காணாத மந்தையில் புகுந்தால் பத்தில் ஒன்பது மாடுகளைக்கூடக் கொண்டுபோன நோய் இது. நம் நாட்டு மாடுகள் தலைமுறை தலைமுறையாக இதோடு புழங்கியதால் அவற்றில் சாவு குறைவாக இருந்தது. ஆனாலும் ஒரு குடும்பத்தின் பிழைப்பைக் கெடுக்க அந்தக் குறைந்த சாவே போதுமானது.

பண்டசோழநல்லூர் போன்ற வில்லியனூர், பாகூர் பக்கத்து ஊர்களில் உழவு, ஏற்றம், வண்டி, எரு எல்லாமே மாட்டை நம்பியிருந்தன. தென்னாற்காட்டில் விளைந்த மணிலாக்கொட்டை புதுச்சேரித் துறைமுகம் வழியாக மார்செய்ல் எண்ணெய் ஆலைகளுக்குக் கப்பலேறிய காலத்தில், மூட்டைகளைச் சுமந்தவை இந்தப் பக்கத்து வண்டி மாடுகள். ஜோடியில் ஒன்று செத்தால் மற்றொன்றை மட்டும் வைத்து ஏர் பூட்ட முடியாது. புது மாடு வாங்கக் கடன்பட வேண்டும், அல்லது பக்கத்து வீட்டுக்காரரோடு கூட்டேர் போட வேண்டும். பருவத்தில் உழ முடியாமல் போனால் அந்த ஆண்டு விளைச்சலும் போயிற்று. வெக்கையின் உண்மையான சேதத்தை அறிய, செத்த மாடுகளின் எண்ணிக்கையோடு தரிசாய்க் கிடந்த நிலத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

நோய்க்கு வசதியான நில அமைப்பும் இங்கே வாய்த்திருந்தது. புதுச்சேரி ஒரே பரப்பாக அமைந்த நாடன்று. பிரெஞ்சுக்காரர்களுக்கும் ஆங்கிலேயர்களுக்கும் நடந்த போர்களும் உடன்படிக்கைகளும் அதைப் பல துண்டுகளாக விட்டுச் சென்றன. ஓர் ஊர் பிரெஞ்சு, அடுத்த ஊர் தென்னாற்காட்டு ஆங்கில ஊர், அதற்கடுத்தது மீண்டும் பிரெஞ்சு என்று எல்லைகள் வயல்களுக்கு நடுவே ஓடின. வரி, காவல், சட்டம் எல்லாம் இரண்டாக இருந்தாலும், மேய்ச்சலும் குட்டைத் தண்ணீரும் ஒன்றுதான். செவ்வாய்க்கிழமைதோறும் கூடும் மதகடிப்பட்டு மாட்டுச் சந்தைக்கு இரு பக்கத்து மாடுகளும் வரும். வெக்கைக் கிருமியோ வெளியில் நெடுநாள் பிழைக்காது; வெயில் பட்டால் விரைவில் அழிந்துவிடும். மாட்டுக்கு மாடு நெருங்கும்போது மூச்சிலும், எச்சிலிலும், கழிச்சலிலும்தான் தாவும். அப்படிப்பட்ட கிருமிக்குச் சந்தையைவிட நல்ல இடம் கிடையாது. காய்ச்சல் வெளியே தெரியும் முன்பே மாடு கிருமியைப் பரப்பத் தொடங்கிவிடுவதால், வாங்குபவர் பல்லையும் சுழியையும் எவ்வளவு கவனமாகப் பார்த்தாலும் பயனில்லை.

வீட்டில் நடந்த வைத்தியத்தில் பாதி பணிவிடை, பாதி வேண்டுதல். நோய் கண்ட மாட்டைக் கொட்டகையிலிருந்து பிரித்துத் தோப்பில் தனியே கட்டுவார்கள். வைக்கோல் தின்ன முடியாத வாய்க்கு அரிசிக் கஞ்சியோ கேழ்வரகுக் கஞ்சியோ மூங்கில் குழாயில் ஊற்றிப் புகட்டுவார்கள். கழிச்சலுக்குப் பச்சிலையும் கடைச்சரக்கும் அரைத்துக் கொடுப்பார்கள். மாட்டு வாகடம் என்ற பெயரில் ஓலைச்சுவடிகளில் எழுதி வைக்கப்பட்ட மருத்துவம் தமிழில் உண்டு; ஏடு படிக்காதவர்கள் பெரியவர்கள் வாய்வழியே கற்றார்கள். கொட்டகை வாசலில் வேப்பிலை கட்டி, மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவார்கள். மனிதருக்கு வரும் மணல்வாரி அம்மையை எந்தத் தெய்வத்திடம் ஒப்படைத்தார்களோ, அதே தெய்வத்திடம் மாட்டின் வெக்கையையும் ஒப்படைத்தார்கள். பிற்கால ஆய்வில் வெக்கை வைரசும் மணல்வாரி வைரசும் மிக நெருங்கிய உறவு என்று தெரிந்தது. 

இந்தப் பணிவிடையைக் குறைத்து மதிப்பிடுவது தவறு. வெக்கையைக் குணப்படுத்தும் மருந்து கடைசிவரை கண்டுபிடிக்கப்படவே இல்லை. கழிச்சலில் இழந்த நீரைக் கஞ்சியாலும் உப்பாலும் ஈடுகட்டி, கிருமியை உடம்பு தானே வெல்லும்வரை மாட்டை உயிரோடு வைத்திருப்பதுதான் எவராலும் செய்ய முடிந்தது. பிழைத்த மாட்டுக்கு வாழ்நாள் முழுவதும் மறுபடி வெக்கை வராது.

செத்த மாட்டை அப்புறப்படுத்தும் வேலை ஒடுக்கப்பட்ட சாதியினர் மீது சுமத்தப்பட்டிருந்தது. கொள்ளைநோய்க் காலத்தில் நாள்தோறும் சடலங்களை இழுத்துச் செல்ல வேண்டியவர்களும் அவர்களே. அந்தத் தோலை உரித்ததில் கிடைத்த சொற்ப வருமானத்துக்காக இழிவைச் சுமந்தவர்களும் அவர்களே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வட இந்தியாவில், தோலுக்காக மாட்டுக்கு விஷம் வைக்கிறார்கள் என்று சாமர் மக்கள் மீது அதிகாரிகள் பழி சுமத்தினார்கள். கிருமி செய்த கொலைக்கு மனிதர் தண்டிக்கப்பட்ட அநியாயம், இந்த நோயின் வரலாற்றில் மறைக்கக் கூடாத பகுதி.

அரசுகள் வெக்கையைக் கண்டு அஞ்சியதற்குக் காரணம் வருவாய். பிரான்சில் மாட்டுக் கொள்ளைநோய் திரும்பத் திரும்ப வந்த நெருக்கடியில்தான் 1762-இல் லியோன் நகரில் குளோத் பூர்ழெலா உலகின் முதல் கால்நடை மருத்துவப் பள்ளியைத் திறந்தார். சென்னை மாகாண அரசு 1866-இல் கால்நடை நோய்ச் சட்டம் கொண்டுவந்தது. ஆனால் அந்தச் சட்டத்தின் அதிகாரம் தென்னாற்காட்டு எல்லையோடு நின்றது. பிரெஞ்சு ஊருக்குள் ஓட்டிச் செல்லப்பட்ட மாட்டை அது தொட முடியாது. 1868-இல் அமைக்கப்பட்ட இந்தியக் கால்நடைக் கொள்ளைநோய் ஆணையம் 1871-இல் அறிக்கை தந்தது. 1889-இல் பூனாவில் தொடங்கிய ஆய்வுக்கூடம் 1893-இல் குமாவோன் மலையிலுள்ள முக்தேசுவருக்கு மாற்றப்பட்டது. 1897-இல் ராபர்ட் கோக் அங்கே வந்து பார்த்தார். நோயை உண்டாக்குவது வடிகட்டியில் சிக்காத நுண்கிருமி என்பதை 1902-இல் கான்ஸ்டான்டிநோபிளில் மோரிஸ் நிக்கோலும் அடில் பே என்பவரும் நிறுவினார்கள்.

முக்தேசுவரில் முதலில் தயாரானது சீரம். பிழைத்த மாட்டின் இரத்தத்திலிருந்து எடுத்த அது சில நாட்களே காத்தது. திருப்பம் 1920-களில் வந்தது. ஜே. டி. எட்வர்ட்ஸ் வெக்கைக் கிருமியை ஆட்டிலிருந்து ஆட்டுக்கு மாற்றி மாற்றிச் செலுத்தி, மாட்டுக்கு அதன் வீரியம் குறைந்துபோகும்படி செய்தார். இந்த ஆட்டுத் திசு ஊசி ஒருமுறை போட்டாலே பல ஆண்டு காத்தது. சென்னை மாகாணத்தில் 1932-இல் தொடங்கி, பின்னர் இராணிப்பேட்டையில் நிலைபெற்ற மருந்து நிலையமும் கால்நடைத் தடுப்பு மருந்து தயாரிப்பில் இறங்கியது. ஊசிக்குப் பின் மாட்டுக்குக் காய்ச்சல் வரும், பால் குறையும். உழவுப் பருவத்தில் ஊசிக்குத் தயங்கிய குடியானவரைக் குறை சொல்ல இடமில்லை.

1954 இரண்டு வகையில் முக்கியமான ஆண்டு. இந்திய அரசின் தேசிய வெக்கை ஒழிப்புத் திட்டம் அந்த ஆண்டில்தான் தொடங்கியது. நவம்பர் 1-ஆம் தேதி புதுச்சேரி நிர்வாகமும் இந்தியாவிடம் வந்தது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16-இல் நிறைவேறியது. கிராமங்களுக்கு நடுவே ஓடிய எல்லை அதன்பிறகு இரு நாடுகளின் எல்லையாக இல்லை. ஐந்தாண்டுகளில் நூற்றுக்கு எண்பது மாடு எருமைகளுக்கு ஊசி போடுவது வெக்கை ஒழிப்புத் திட்டத்தின் இலக்கு. ஆயிரக்கணக்கில் இருந்த ஆண்டு நோய்ப்பரவல்கள் பத்தாண்டுக்குள் சில நூறாகச் சரிந்தன. பிறகு அங்கேயே நின்றுவிட்டன. எண்பது விழுக்காடு ஊசி போட்டாலும், ஆண்டுதோறும் பிறக்கும் கன்றுகள் கிருமிக்குத் தீனியாக இருந்தன. மந்தைகளும் நாடு முழுவதும் நகர்ந்துகொண்டிருந்தன. இதற்கிடையே கென்யாவில் வால்டர் பிளௌரைட் கன்றுச் சிறுநீரக உயிரணுக்களில் கிருமியை வளர்த்து, காய்ச்சல் தராத ஊசியை 1960-ஐ ஒட்டி உருவாக்கினார். கலப்பின மாடுகளுக்கும் அச்சமின்றிப் போடக்கூடிய அந்த ஊசிதான் இறுதிப் போரின் ஆயுதமாயிற்று. அதற்காக 1999-இல் அவருக்கு உலக உணவுப் பரிசு கிடைத்தது.

தென்னிந்தியா கடைசிவரை தொல்லை கொடுத்தது. நாட்டின் கடைசி வெக்கை நோய்ப்பரவல் 1995-இல் தமிழ்நாட்டில், வட ஆற்காட்டுப் பகுதியில் பதிவானது. அதற்குப்பின் ஊசியை நிறுத்திவிட்டு, ஊர் ஊராகச் சென்று வாய்ப்புண்ணும் கழிச்சலும் உள்ள மாட்டைத் தேடும் வேலை நடந்தது. நோய் போய்விட்டது என்று சொல்வதைவிட அதை மெய்ப்பிப்பது கடினமான வேலை. பெயர் வெளியே வராத கால்நடை ஆய்வாளர்களும் உதவியாளர்களும் அதைச் செய்து முடித்தார்கள். 2006-இல் இந்தியா வெக்கைத் தொற்று இல்லாத நாடாக அறிவிக்கப்பட்டது. 2011-இல் உலகமே விடுபட்டது. பெரியம்மைக்குப் பிறகு மண்ணிலிருந்து ஒழிக்கப்பட்ட இரண்டாவது நோய் வெக்கை.

ஆனால் அதன் தங்கை நோய் ஒன்று இதே வட்டாரத்தில் வந்து சேர்ந்திருந்தது. 1942-இல் மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்டில் பிரெஞ்சுக் கால்நடை மருத்துவர்கள் கார்கடெனெக்கும் லலானும் முதலில் விவரித்த நோய் அது. ஆட்டையும் செம்மறியையும் தாக்கி, வாய்ப்புண், மூக்குச்சளி, கழிச்சல், நுரையீரல் அழற்சி ஆகியவற்றால் கொல்லும். தமிழில் அதன் பெயர் ஆட்டுக்கொல்லி. இந்தியாவில் இது முதலில் அடையாளம் காணப்பட்டது 1987-இல், அன்றைய தென்னாற்காட்டைச் சேர்ந்த, இன்று விழுப்புரம் மாவட்டத்திலுள்ள அரசூரில். ஆடுகளுக்கு வந்திருப்பது வெக்கைதான் என்றே அதுவரை கருதப்பட்டது. பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த எம். எஸ். ஷைலாவும் சக ஆய்வாளர்களும் இது வேறு கிருமி என்று காட்டி 1989-இல் வெளியிட்டார்கள். பண்டசோழநல்லூர்ப் பக்கத்து ஆடுகளுக்கும் அரசூர் ஆடுகளுக்கும் இடையே உள்ளது சந்தை வண்டி ஓடும் தூரம்தான்.

வெக்கை ஊசி ஆட்டுக்கொல்லியையும் ஓரளவு தடுத்தது. ஆனால் வெக்கை ஒழிந்ததை மெய்ப்பிக்க அந்த ஊசியை நிறுத்த வேண்டியிருந்ததால், ஆட்டுக்குத் தனி ஊசி அவசியமாயிற்று. 1989-இல் அமைந்த தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் அரசூரில் கிடைத்த கிருமியிலிருந்தே ஒரு தடுப்பூசியை உருவாக்கியது. அரசூர் 87 என்ற பெயரில் அந்தச் சிற்றூர் அறிவியல் ஏடுகளில் நிலைத்துவிட்டது. புதுச்சேரியில் வில்லியனூருக்குப் பக்கத்தில், குரும்பாப்பேட்டையில் 1994-இல் தொடங்கப்பட்ட ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி, நோய் கண்ட ஆட்டைத் தோளில் தூக்கி வருபவர்களுக்கும் கதவு திறந்தது. 2010-இல் தொடங்கிய தேசிய ஆட்டுக்கொல்லிக் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் முதல் கட்டத்திலேயே தமிழ்நாடும் புதுச்சேரியும் சேர்க்கப்பட்டன.

ஆட்டுக்கொல்லிக்கும் கிருமியைக் கொல்லும் மருந்து கிடையாது. பிரித்துக் கட்டுவது, வாய்ப்புண்ணைக் கழுவிக் கிளிசரின் தடவுவது, நீர் வற்றாமல் உப்பும் சர்க்கரையும் கரைத்துப் புகட்டுவது, பின்தொடரும் நுரையீரல் அழற்சிக்கு ஆன்டிபயாடிக் ஊசி போடுவது என்று பணிவிடை பழைய பாதையிலேயே செல்கிறது. பல்கலைக்கழகத்தின் மரபுவழிக் கால்நடை மருத்துவம் கழிச்சலுக்குப் பரிந்துரைக்கும் உருண்டையில் சீரகம், கசகசா, வெந்தயம், மிளகு, மஞ்சள், பெருங்காயம், வெங்காயம், பூண்டு, கறிவேப்பிலை, பனைவெல்லம் சேர்கின்றன. மாட்டு வாகடத்தின் அடுக்களைச் சரக்கு இப்போது பாடத்திட்டத்தின் பகுதி.

வெக்கையை வென்ற முறையை ஆட்டுக்குப் பயன்படுத்துவதில் சிக்கல்கள் உண்டு. மாடு பல ஆண்டு வீட்டில் இருக்கும். ஆட்டு மந்தையோ ஓரிரு ஆண்டுக்குள் பெரும்பாலும் மாறிவிடும். குட்டிகள் மூன்று நான்கு மாதத்தில் தாய்ப்பால் தந்த காப்பை இழக்கின்றன. அறுவடை முடிந்த வயல்களில் கிடை போட வரும் மந்தைகள் மாவட்டம் மாவட்டமாக நடக்கின்றன. ஆடு வளர்ப்பவர்களில் பலர் நிலமில்லாத பெண்கள். நாள்கூலியை விட்டுவிட்டு ஊசி முகாமுக்கு ஆட்டை ஓட்டி வருவது அவர்களுக்கு இழப்பு. எனவே ஊசி வீட்டு வாசலுக்கே போக வேண்டும். குட்டிகளுக்கு மூன்று நான்கு மாதம் நிறைந்ததும் போட வேண்டும். புதிதாக வாங்கிய ஆட்டை மூன்று வாரம் தனியே கட்டி வைத்த பிறகே மந்தையில் சேர்க்க வேண்டும். உணவு வேளாண்மை அமைப்பும் உலகக் கால்நடை நல அமைப்பும் 2015-இல் அறிவித்த திட்டப்படி, ஆட்டுக்கொல்லியை உலகிலிருந்து ஒழிக்கக் குறிக்கப்பட்ட ஆண்டு 2030.